ராணி மாதிரி வைத்திருக்கிறான்

அன்பு மருமகளுக்கு,

உன் தாய்மாமன் தன் கைப்பட எழுதுவது. இங்கே அனைவரும் நலம் என்று தொடங்குவதுதான் முறை. ஆனால் இங்கே நலமாக இருக்கத் தகுதியுள்ளவர்கள் உன் அம்மாவும் நானும் மட்டும்தான். இரண்டு பேரும் நலம். தகுதியில்லாத சிலரும் நலமாகத்தான் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நீ “ம்... ம்...” என்பாய், பிறகு “மாமா, மீட்டிங்” என்பாய். காகிதத்துக்கு மீட்டிங் கிடையாது. தவிர, காகிதம் நம் கடைச் சரக்கு. எத்தனை பக்கம் எழுதினாலும் என்னைக் கேட்பாரில்லை.

நம் ஜெராக்ஸ் கடை கோர்ட்டு வாசலுக்கு நேர் எதிரே இருப்பது உனக்குத் தெரியும். நாட்டில் எந்தப் பெரிய தீர்ப்பு வந்தாலும் என் மெஷின் வழியாகப் போகாமல் ஒரு வக்கீல் கைக்கும் அது போவதில்லை. பெரிய கோர்ட்டு நீதிபதிகள் எழுதி முடித்ததும் முதல் பிரதி எனக்குத்தான் வருகிறது என்று பக்கத்துக் கடைத் தையல்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். வக்கீல்களுக்குக் கறுப்புக் கோட்டும் அங்கியும் தைத்துத் தைத்து அவருக்கும் கொஞ்சம் சட்டம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இருந்தாலும் என் அளவுக்கு வராது. என்னை “ஜட்ஜய்யா” என்றுதான் கூப்பிடுவார். கிண்டல் என்று சிலர் நினைக்கிறார்கள்.

பழைய மெஷினில் கடைசிப் பக்கத்திலிருந்துதான் நகலெடுக்க வேண்டும். அப்போதுதான் கட்டு வரிசையாக அமையும். ஆகவே எந்தத் தீர்ப்பானாலும் எனக்கு முடிவு முதலில் தெரிந்துவிடும். முதல் பக்கம் கடைசியில் வரும், யாருக்கும் யாருக்கும் சண்டை என்று அதில் இருக்கும். நடுவில் இருப்பதெல்லாம் பக்கத்தை நிரப்ப எழுதுவது. அதை நான் படிப்பதில்லை. படித்து உருப்பட்டவனையும் பார்த்ததில்லை.

அந்தக் கட்டிடத்துக்குள் நடப்பதை நீ பார்க்க வேண்டுமே! சைக்கிள் திருடியவன் ஒருவன் போன வாரம் விடுதலையானான். சாட்சி நீலச் சைக்கிள் என்றாராம், போலீஸ் கொண்டுவந்து நிறுத்தியது சிவப்பாம். தீர்ப்பை நகலெடுக்க அவனே நேராக நம் கடைக்குத்தான் வந்தான். வாசலில் நீலச் சைக்கிளை நிறுத்திவிட்டு! அண்ணன் தம்பி இரண்டு பேர் நடுச்சுவருக்காக வழக்காடுகிறார்கள். சுவர் என்றைக்கோ விழுந்துவிட்டது, வழக்கு அசையாமல் நிற்கிறது. விவாகரத்துக்கு வந்த ஒரு ஜோடி வீட்டைப் பிரித்துக்கொண்டார்கள், பாத்திரத்தைப் பிரித்துக்கொண்டார்கள், தையல் மெஷினைப் பிரிக்க முடியாமல் இன்னும் புருஷன் பெண்டாட்டியாகவே இருக்கிறார்கள். இந்த வழக்குகளை இழுக்கிற வக்கீல்களுக்குக் கோட்டு ஒரு கேடு என்று தையல்காரரிடமே சொல்லிவிட்டேன். “கோட்டைக் குறை சொல்லாதீங்க ஜட்ஜய்யா, என் பொழைப்பே அதுதான்” என்றார்.

ஆனால் அதே கட்டிடத்துக்காரர்கள் ஒரு நல்ல காரியமும் செய்திருக்கிறார்கள். பெற்றவர்களிடம் சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு அவர்களைக் கவனிக்காமல் விடுகிற பிள்ளையிடமிருந்து எழுதிக் கொடுத்ததைத் திரும்ப வாங்கலாம் என்று பெரிய கோர்ட்டிலேயே சொல்லிவிட்டார்கள். கடைசிப் பக்கம் என் கையில் சூடாக வந்தபோது மெஷினை நிறுத்திவிட்டு உன் அண்ணனைத்தான் நினைத்தேன்.

அவன் பேரை எழுத என் பேனா கூசுகிறது. ஆபீஸில் கூப்பிடுவதுபோல மேனேஜர் என்றே எழுதுகிறேன்.

அக்கா தன் பேரில் இருந்த வீட்டை மேனேஜருக்கு எழுதிக் கொடுத்தபோது நான் தடுத்தேன். பத்திரம் எழுதும் ஆபீஸ் வாசலில் குறுக்கே படுத்தேன் என்றே வைத்துக்கொள். “உன் வேலையைப் பாருடா, அவன் என்னைப் பார்த்துப்பான்” என்றாள். கடைசிக்காலம் வரை தாயாரைக் கவனிப்பான் என்று பத்திரத்திலும் ஒரு வரி எழுதினார்கள். எழுதிய மை காய்ந்ததோ இல்லையோ, அக்காவின் கட்டில் முன்னறையிலிருந்து கிளம்பிவிட்டது. முதலில் நடை, பிறகு சமையலறைப் பக்கம், பிறகு கார் ஷெட்டுக்குப் பின்னால் அட்டைப்பெட்டி போட்டு வைத்திருந்த அறை. வீட்டுக்குள் ஒரு கட்டில் இவ்வளவு தூரம் பயணம் போனதை நான் எங்கும் கண்டதில்லை. மேனேஜரும் உன் அண்ணியும் வேலைக்குப் போகும்போது சமையலறையைப் பூட்டிக்கொண்டு போவார்களாம். எலி வருகிறதாம்.

இதையெல்லாம் அக்கா என்னிடம் சொன்னாள் என்று நினைக்காதே. கட்டில் நான் போகவரப் பார்த்தது, பூட்டு தெருப்பேச்சில் காதில் விழுந்தது. வாரா வாரம் உன்னிடம் போனில் என்ன சொல்லிக்கொண்டிருந்தாள்? “உன் அண்ணன் என்னை ராணி மாதிரி வச்சிருக்கான்” என்றாள் அல்லவா? எனக்கும் அதே பாட்டுத்தான். மழை தொடங்கிய சமயத்தில் ஒரு பையோடு நம் கடை வாசலில் வந்து நின்றாள். “சும்மா நாலு நாள் இருந்துட்டுப் போலாம்னு வந்தேன்” என்றாள். அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்தவள் மூன்றாம் முறை நான் சோறு போட்டபோது “போதும், போதும்” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். தட்டை மட்டும் நகர்த்தவில்லை. மழை நின்று வெகு காலம் ஆகிறது. அவளும் போகவில்லை, யாரும் கூப்பிட வரவுமில்லை.

அவளுடைய மூக்குக்கண்ணாடியை எடுத்துவர நான் போனேன். உன் அண்ணி கேட்டைத் திறக்காமலே கம்பி வழியாக உபசரித்தாள். “அத்தை ஆசைப்பட்டுத்தானே உங்க வீட்டுக்கு வந்தாங்க மாமா? கண்ணாடி ரூமுக்குள்ள இருக்கு. ரூம் சாவி அவர்கிட்ட இருக்கு. அவர் ஆபீஸ்ல இருக்கார். ஆபீஸ்ல அவரைத் தொந்தரவு பண்ணக் கூடாது” என்றாள். இத்தனை பூட்டை ஒரே மூச்சில் போடத் தெரிந்தவளை நான் கண்டதில்லை. நானும் விடவில்லை, தெருவே கூடும்படி நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு கேள்வி கேட்டேன். கேட்டதாகத்தான் தையல்காரரிடம் சொல்லியிருக்கிறேன்.

ஆக, மனு கொடுத்துவிட்டேன். முதியவர்களைக் காக்கிற இந்தச் சட்டத்தில் விசாரிப்பது கோர்ட்டு அல்ல, ஓர் அதிகாரி. வக்கீல் வந்து வாதாடக் கூடாது. அதாவது கடவுளே எனக்காக எழுதிய சட்டம். அக்கா பக்கம் நான் பேசுகிறேன். அடுத்த வாரம் விசாரணை. நீ லீவு போட்டு வரவேண்டிய அவசியம் துளிகூட இல்லை. டிக்கெட், அலைச்சல் எதுவும் வேண்டாம். இதெல்லாம் எனக்கு இடது கை வேலை.

அக்கா இங்கே சௌகரியமாக இருக்கிறாள். கடைக்குப் பின்னால் உள்ள பெரிய அறையை அவளுக்கே ஒதுக்கிவிட்டேன். நான் முன்பக்கம் நீள மேஜைமேல் படுத்துக்கொள்கிறேன். காற்றோட்டம் வேண்டும் என்று டாக்டர்கள் எல்லோரும் சொல்கிறார்களே!

வீட்டுச் சாவியோடு உன்னை அழைக்கப்போகும்
உன் தாய்மாமன்

*

அன்பு மருமகளுக்கு,

மாமா எழுதுவது. உன்னிடமிருந்து பதில் இல்லை. அங்கே தபால்காரர்களும் மேனேஜர்களாகிவிட்டார்கள் போலிருக்கிறது.

விசாரணை நடந்தது. வெற்றி என்று சொல்ல முடியாது. தோல்வி என்று சொல்கிறவன் வாயில் மண்.

அதிகாரியின் அறை மாடியில். ஏறும் படியில் கைப்பிடி ஒரு பக்கம்தான். முதியவர்களுக்கான விசாரணையை எங்கே வைக்கலாம் என்று யோசித்து யோசித்து மாடியில் வைத்திருக்கிறார்கள். அக்கா ஒவ்வொரு படியிலும் நின்று சேலையைச் சரிசெய்கிற மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டாள். உள்ளே ஒரு மேஜை, நூல் கட்டிய கட்டுகள், காற்றைத் தவிர எல்லாம் தருகிற ஒரு மின்விசிறி. அதிகாரி ஒரு பெண். கடுமையான ஜலதோஷம் அந்தம்மாவுக்கு. கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டே நீதி வழங்கினார்.

மேனேஜர் இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தான். கூடவே உன் அண்ணி. அவர்களோடு ஒரு செண்ட் மணக்கும் ஆள். வாரத்துக்கு ஐந்து நாள் கறுப்புக் கோட்டோடு என் கடையில் நகலெடுக்கிற வக்கீல்தான்! அன்றைக்குக் கோட்டைக் கழற்றிவிட்டு “குடும்ப நண்பர்” என்று வந்து உட்கார்ந்திருக்கிறார். “கோட்டைக் கழட்டினா ஆள் மாறிடுவாரா? தையல்காரரைக் கூப்பிடுங்க, தோளைப் பார்த்தே சொல்லுவார்!” என்று கேட்டேன். அதிகாரி அம்மா மூக்கைச் சிந்திவிட்டு, “நண்பர் வாயைத் திறக்கக் கூடாது” என்றார். முதல் ரவுண்டு எனக்கு. அதற்குப் பிறகு அந்தச் செண்டு மேனேஜர் காதில்தான் மணந்தது.

பிறகு அக்காவைக் கேட்டார். “சொல்லுங்கம்மா. பையன் உங்களைப் பார்த்துக்கிறாரா?”

அறையில் யார் யார் இருந்தார்கள் தெரியுமா? மேனேஜர் தெருக்காரர்கள் இரண்டு பேரைக் கூட்டி வந்திருந்தான். வாசலில் வேறு மனுவுக்கு வந்தவர்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். முதுகை நிமிர்த்தினாள். நம் வீட்டு ஆட்கள் பேர் எடுக்கப் போகும்போது நிமிர்வார்களே, அந்த நிமிர்வு. “அவனுக்கென்னம்மா? என்னை ராணி மாதிரி வச்சிருக்கான்” என்றாள்.

அதிகாரி அம்மா மனுவைப் புரட்டினார். “சமையலறையைப் பூட்டிட்டுப் போறாங்கன்னு இதுல இருக்கே?” என்றார். “யாரு? எங்க வீட்லயா? எனக்கு வேளாவேளைக்கு நாலு விதமா வச்சுட்டுத்தான் போவா என் மருமக” என்றாள் அக்கா. உன் அண்ணியே ஒரு நிமிஷம் தலையைக் குனிந்துகொண்டாள்.

நம் குடும்பத்தில் பசிக்கிறது என்று வெளியாள் காதுபட ஒருவரும் சொன்னதில்லை. அதைப் பெருமையாகத்தான் நானும் இத்தனை நாள் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அன்றைக்கு அந்தப் பெருமையே எதிர்க்கட்சியில் போய் உட்கார்ந்துகொண்டது.

அவள் வாய் இப்படி என்றால் என் வாயாவது பேச வேண்டாமா? எழுந்தேன். ஷெட்டு அறையைச் சொன்னேன், கட்டிலின் பயணத்தைச் சொன்னேன். அதிகாரி அம்மா எழுதிக்கொண்டே இருந்தார். அது எனக்கு உற்சாகமாகிவிட்டது. அறை வாசலில் நாயைக் கட்டி வைத்து அக்காவை வெளியே வரவிடாமல் செய்தார்கள் என்றும் சொன்னேன். அந்த அம்மா தலையைத் தூக்காமல், “நாய் என்ன நிறம்?” என்று கேட்டார். “கறுப்பு” என்றேன். கறுப்பு என்றால் பயங்கரமாக இருக்கும் அல்லவா? மேனேஜர் சிரித்தான். “எங்க வீட்ல நாயே கிடையாது மேடம். இவளுக்கு நாய்னா அலர்ஜி” என்றான். தெருக்காரர்கள் இரண்டு பேரும் நாய் இல்லை என்று தலையாட்டினார்கள். நீலச் சைக்கிள்காரன் கதை எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

நாய் இல்லாத வீடு என்றால் போர்டு வைக்க வேண்டியதுதானே! அதை விடு.

அதிகாரி அம்மா பேனாவை மூடிவிட்டார். அத்தோடு ஒழிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்த அம்மா அக்காவுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொல்லி, அவள் குடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் திரும்பினார். “ஐயா, உங்க வாயை வச்சு நான் ஒண்ணும் பண்ண முடியாது. அவங்க வாயிலேர்ந்து எதுவும் வராது. அந்த வீட்டுக்குள்ள இருந்து கண்ணால பார்த்தவங்க வேற யாராவது இருக்காங்களா?” என்று கேட்டார்.

“யாரும் இல்ல மேடம்” என்று மேனேஜர் முந்திக்கொண்டான்.

“பொண்ணு இருக்கா, வெளிநாட்ல” என்றேன் நான்.

அதுவரை பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்த அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினாள். “அவளை எதுக்குடா இழுக்கற? அவ நிம்மதியா இருக்கட்டும்” என்றாள். அந்த மாடியில் அன்றைக்கு அவள் சொன்ன ஒரே நிஜம் அதுதான்.

நீ நேரில் வரவேண்டாமாம். போனில் முகம் தெரியப் பேசினால் போதும், பதிவு செய்துகொள்கிறோம் என்றார்கள். அடுத்த மாதம் முதல் புதன்கிழமை. அதற்குள் சொல்லாவிட்டால் மனுவை முடித்துவிடுவார்களாம்.

தையல்காரர் நாய்க் கதையைக் கேட்டு ஊசியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். “ஜட்ஜய்யா, அந்தத் தீர்ப்போட நடுப்பக்கத்தையும் ஒரு தடவை படிச்சுப் பாருங்களேன்” என்றார். படித்தேன். எழுதிக் கொடுத்தபோது பார்த்துக்கொள்வதாகப் பேச்சு இருந்ததா, உண்மையிலேயே கவனிக்காமல் விட்டார்களா என்று அங்கேதான் பக்கம் பக்கமாகக் கேட்டிருக்கிறார்கள். முக்கியமான சமாச்சாரத்தைக் கொண்டுபோய் நடுவில் வைக்கிற நீதிபதிகளை என்ன சொல்வது? முதல் கேள்விக்குப் பத்திரத்து வரி பதில் சொல்லிவிடும். இரண்டாவது கேள்விக்கு உன்னை விட்டால் ஆள் இல்லை.

நீ பார்த்தாய். போன தடவை வந்தபோது அந்த ஷெட்டு அறையில் அம்மாவோடு தங்கினாய். கிளம்பும்போது டாக்சிக் கதவில் கை வைத்துக்கொண்டு என்னிடம் ஒன்று சொன்னாய். “மாமா, அந்த ரூம் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாளே இல்ல. வெளிப்பக்கம்தான் இருக்கு” என்றாய். நான் பதில் சொல்வதற்குள் பெட்டியை ஏற்றிக்கொண்டு போய்விட்டாய். அந்தத் தாழ்ப்பாளை நீ தலைமேல் தூக்கிக்கொண்டு அத்தனை நாடு தாண்டிப் பறந்தாயா, இங்கேயே இறக்கி வைத்துவிட்டாயா என்று எனக்குத் தெரியாது.

படி இறங்கும்போது மேனேஜர் என் தோளில் கை போட்டான். அந்தக் கையைப் பற்றி எழுத எனக்கு அருவருப்பாக இருக்கிறது. “வீணா அலையாதீங்க மாமா. தங்கச்சி பேசமாட்டா. மாடிப் போர்ஷன் அவளுக்குன்னு பேசியாச்சு” என்றான். பெற்றவளை ஷெட்டில் போட்டுவிட்டுக் கூடப்பிறந்தவளுக்கு மாடி தருகிற தர்மப்பிரபு! அவன் பொய் சொல்கிறான் என்றுதான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். உன் பதில் வராத ஒவ்வொரு நாளும் அதைக் கொஞ்சம் சத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அதிகாரி அம்மாவிடமும் உன்னைப் பற்றிச் சொல்லிவிட்டேன். யாருக்கும் பயப்படாத பெண், அங்கே பெரிய பெரிய துரைமார்களையே எழுந்து நிற்க வைப்பவள், தாய் என்றால் உயிரை விடுபவள் என்று. கொஞ்சம் பெரிதாகத்தான் சொல்லியிருக்கிறேன். அந்த அளவுக்கு இருந்துவிடு.

பேசும்போது எதையும் கூட்டிச் சொல்லாதே. நாய் வேண்டாம். அழவேண்டாம். கூட்டிச் சொல்வதற்கு இந்தக் குடும்பத்தில் ஏற்கெனவே ஆட்கள் இருக்கிறோம். நீ தாழ்ப்பாளை மட்டும் சொல். அது எந்தப் பக்கம் இருந்தது என்று மட்டும் சொல்.

இதை எழுதும்போது அக்கா எதிரே உட்கார்ந்து யாருடைய வழக்குத் தாள்களுக்கோ ஸ்டேப்ளர் பின் அடித்துக்கொண்டிருக்கிறாள். கண்ணாடி இன்னும் அந்தப் பூட்டிய அறையில்தான் இருக்கிறது. தாளை மூக்கருகே பிடித்து ஓரம் சேர்க்கிறாள். வேண்டாம் என்றாலும் கேட்பதில்லை. சும்மா உட்கார்ந்து சாப்பிட்டால் தொண்டையில் இறங்கவில்லையாம். யாருக்கு எழுதுகிறாய் என்று கேட்டாள். உனக்கு என்றேன். கொஞ்ச நேரம் கையில் இருந்த கட்டைத் தட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு, “மாமா வீட்ல ராணி மாதிரி இருக்கேன்னு எழுதுடா” என்றாள்.

அவள் சொன்னபடியே எழுதிவிட்டேன்.

நீயும் உன் குடும்பமும் குறையில்லாமல் இருக்கவேண்டும். உன் வீட்டுக் கதவுகள் எல்லாவற்றுக்கும் என்றைக்கும் தாழ்ப்பாள் உள்பக்கமாகவே இருக்கவேண்டும் என்று ஆசீர்வதிக்கும்,

புதன்கிழமை அந்த மாடியில் போனைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கப்போகும்
உன் தாய்மாமன்